எறும்பு தூங்கிப் பார்த்தவர் இல்லை

கபோரியின் முலைப்பாலில் விழுந்து செத்ததாகச் சொல்லப்பட்ட மூன்று கட்டெறும்புகள், அந்தப் பாலைக் குடிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட அவள் மகனைப் புதைத்த மறுநாள் காலை எழுந்து, முன்னங்கால்களால் முகம் துடைத்துக்கொண்டு, சுரையோட்டின் விளிம்பில் ஏறி இறங்கி வேலைக்குப் போயின. நாபியாவில் அந்த வருடம் நம்ப முடியாத காரியங்கள் இரண்டு நடந்தன. மற்றது, உப்பு விலை குறைந்தது. உப்பைப் பற்றித்தான் ஊர் அதிக நாள் பேசியது.

நாபியாவில் ஒருத்திக்குத் தலைப்பிள்ளை பிறந்தால் அதை உடனே மார்பில் போட மாட்டார்கள். முதலில் பாலைச் சோதிக்க வேண்டும். உடைந்த சுரையோட்டில் பாலைப் பீய்ச்சி, ஆண்பிள்ளை என்றால் மூன்று, பெண்பிள்ளை என்றால் நான்கு கட்டெறும்புகளை அதில் போடுவார்கள். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். ஏறாமல் கிடந்தால் கசப்புப் பால். எறும்பைக் கொன்றது பிள்ளையையும் கொல்லும். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, ஏனென்றால் கசப்புப் பால் என்று தீர்ப்பான வீடுகளில் பிள்ளைகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. சோதிப்பவள் பெயர் கவியா. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு நுனி பழுப்பேறிய, வாய் ஓயாத பெண். கூலி ஒரு கினிக்கோழி. அவள் கெட்டவள் அல்ல. இளவயதில் சோதிக்காமல் பால் கொடுத்து, சொந்தப் பிள்ளைகள் இரண்டை மார்போடு அணைத்தபடியே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இன்னொருத்திக்கு அப்படி நடக்கக் கூடாதென்றுதான் இந்தக் காரியத்துக்கு வந்தாள்.

கபோரி ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வெடாமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வெடாமின் அண்ணன் அலுவாதான் வீட்டுத்தலைவர். முற்றத்தைச் சுற்றியிருந்த ஏழெட்டு மண்வீடுகளில் யார் எதைத் தின்பது, எப்போது விதைப்பது, எந்த முன்னோருக்கு எந்தக் கோழி என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். கம்பு முளைவிட்டிருந்த பருவத்தில் கபோரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. கவியா வந்து கையைக் கழுவிக்கொண்டு பீய்ச்சினாள். பால் மஞ்சளாக, கெட்டியாக, தேன்போல இறங்கியது. எறும்புகள் விழுந்தன. கொஞ்சம் துழாவின. தலையைப் பாலுக்குள் வைத்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டன.

"கசப்பு," என்றாள் கவியா.

கபோரி ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "இனிக்குதே அக்கா."

"உனக்கு இனிக்கும்டி. பாம்புக்கு அதோட விஷம் கசக்குமா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கபோரியும் சிரித்தாள். புதிதாக வந்த மருமகள், எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா நிற்கக் கூடாது.

வைத்தியம் ஆரம்பமானது. வேர் அவித்த தண்ணீரால் அவள் மார்பைக் கழுவினார்கள், வேர் அவித்த தண்ணீரையே அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பிள்ளைக்குக் கம்பு ஊறவைத்த தண்ணீர். கவியா அவனை மடியில் மல்லாத்தி, உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து வாயோடு சேர்த்து வைத்து ஊற்றினாள். குடிக்கும் மட்டும் குடித்தான், மூச்சுக்குத் திணறும் மட்டும் திணறினான். வைத்தியம் முடிந்த பிறகு பாலை மறுபடி சோதிக்க வேண்டும், அதுவரை முதல் சோதனையின் சுரையோட்டை எறும்புகளோடு கூரை இடுக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது முறை. வைத்தியம் முடிவதற்குள் பிள்ளை முடிந்துபோனான். அதற்கு நடுவில் அந்த வீட்டார் எல்லோரும் பார்க்கும்படி நடந்தது ஒன்று உண்டு. அவன் அழும்போதெல்லாம் கபோரியின் பால் தானாகப் பெருகி, துணியை நனைத்து, முற்றத்தின் மண்ணில் கோடாக ஓடியது. அதைக் கொத்திய கோழிகள் ஒரு நாளைக்கு இரண்டு முட்டை இட்டன. அதை நக்கிய நோஞ்சான் ஆட்டுக்குட்டி ஒன்று, வாரம் திரும்புவதற்குள் கொம்பு முளைத்துக் கவியாவையே முட்டியது. யாரும் அதைச் சோதனையில் சேர்க்கவில்லை. ஆட்டுக்கு ஆட்டுச் சட்டம், பிள்ளைக்குப் பிள்ளைச் சட்டம்.

அவனைப் பாதையோரம் புதைத்து மேலே பானை கவிழ்த்தார்கள். தலைப்பிள்ளைக்கு உரக்க அழுதால் அடுத்து வரவிருக்கும் பிள்ளை பயந்து பாதி வழியில் திரும்பிவிடும் என்பதால், கபோரி துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். மறுநாள் கூரை இடுக்கிலிருந்த சுரையோட்டைக் கழுவ எடுத்தபோதுதான் எறும்புகள் எழுந்தன. அவள் கூப்பிட்ட குரலுக்கு அலுவா வந்தார், கவியாவையும் கூட்டிவந்தார்கள். கடைசி எறும்பு அப்போது விளிம்பில் நின்று மீசையை நீவிக்கொண்டிருந்தது.

"இதுங்க சாகவே இல்ல மாமா," என்றாள் கபோரி. "தூங்கியிருக்கு. வயிறு நெறஞ்சா யாருக்கும் தூக்கம் வரும்ல?"

"எறும்பு தூங்கி எவடி பாத்தா?" என்றாள் கவியா. "நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன், அதுங்க உக்காந்துகூட நான் பாத்ததில்ல."

அது உண்மை. நாபியாவில் எறும்பு தூங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. செத்தவர் எழுந்து நடந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். அலுவாவின் சித்தப்பாவே செத்து ஒரு மழைக்காலம் கழித்து வந்து, தன் மண்வெட்டியை இரவல் வாங்கியவனிடமிருந்து திட்டிப் பிடுங்கிக்கொண்டு போனவர். ஆகவே இரண்டில் எது நடக்கக் கூடியதோ அதை ஊர் எடுத்துக்கொண்டது. செத்த எறும்பை எழுப்பிய பால் செத்தவர்களுடைய பால் என்று அலுவா தீர்ப்புச் சொன்னார். முன்னோருக்குப் படைத்ததில் உயிரோடிருப்பவர் வாய் வைக்கலாகாது, உயிரோடிருக்கிற பிள்ளை வைக்கவே கூடாது. கவியாவும் தன் சோதனையை இன்னும் கொஞ்சம் செம்மையாக்கினாள். இனிமேல் விழுந்து கிடக்கும் எறும்பை அந்தக் கணமே அடுப்பில் போட்டுவிட வேண்டும். எழுந்து வந்து குழப்பக் கூடாது.

கபோரியின் பால் வற்றவில்லை. ஒவ்வொரு காலையும் அலுவா ஒரு சின்னச் சுரைக்குடுவையை அவள் வாசலில் வைப்பார், அவள் பீய்ச்சி நிரப்புவாள், அவர் கொண்டுபோய் வாசலுக்கு எதிரே இருந்த முன்னோர் மேடுகளில் ஊற்றுவார். மண் அதைச் சப்புக்கொட்டிக் குடித்தது, அந்த ஓசை பக்கத்து வீடு வரை கேட்டது. முன்னோர் நன்றி மறக்கவில்லை. மழை தவறிய வருடத்தில் அலுவாவின் நிலத்தின்மீது மட்டும் பெய்துவிட்டு, வரப்போடு நின்றது. மற்ற வீட்டுக்காரர்கள் வரப்பில் நின்று கையை மட்டும் நீட்டி நனைத்துக்கொண்டார்கள். வெடாம் கோடையில் தெற்கே கோகோ தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய், மழைக்கு முன் திரும்பிவந்தான். மூன்று அறுவடை போனது. கதுரா பிறந்தாள்.

பெண்பிள்ளை, ஆகவே நான்கு எறும்பு. கெட்ட பால் ஒருமுறை வந்தவளுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் சோதனை உண்டு. நான்கும் தலையை வைத்துக் குடித்தன, நான்கும் காலை மடக்கின. கவியா அவற்றை ஓட்டோடு வழித்து அடுப்பில் எறிந்தாள், பட்பட்டென்று வெடித்தன. பிறகு தன் கூழைக் காய்ச்சினாள். இந்த மூன்று வருடத்தில் அதையும் செம்மையாக்கியிருந்தாள்: கம்பு ஊறிய தண்ணீரில் இரண்டு வேர், ஒரு பட்டை, ஒரு சிட்டிகைச் சாம்பல். கூழ் என்று பெயர்தான். பானையின் அடி தெரியும். கபோரி கூழ்க்குடுவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, களை பறிக்கிறேன் என்று கம்பங்கொல்லைக்குப் போனாள்.

கம்பு அப்போது ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதற்குள் புகுந்துவிட்டால் ஊரும் இல்லை, அலுவாவும் இல்லை, முன்னோர்கூட இல்லை. இரண்டு வரிசைக்கு நடுவே உட்கார்ந்து பிள்ளையை முன்னால் திருப்பி மார்பில் போட்டாள். கதுரா ஒரு மூச்சுக் குடித்துவிட்டு, வாயை எடுத்து, யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி குடித்தாள். வாய் சப்பும் ஓசை வெளியே கேட்கக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளாகக் கற்றுக்கொண்டாள். கூழைக் கபோரி தானே குடித்தாள், வேர் வாசனை குமட்டினால் மண்ணில் ஊற்றினாள். ஒருநாள் மாலை அவள் திரும்பிவந்தபோது பிள்ளையின் கடைவாயில் வெள்ளையாக ஒரு சொட்டு இருந்தது. வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த வெடாம் அதைப் பார்த்தான். பெருவிரலால் துடைத்தான். விரலைத் தன் முழங்காலில் தேய்த்துவிட்டுக் கயிற்றைத் தொடர்ந்தான். அவர்கள் கல்யாணத்தில் அவன் அவளுக்குச் செய்த பெரிய காரியம் அதுதான்.

கதுராவின் தொடையில் மடிப்பு விழுந்தது. ஒரு மடிப்பு, பிறகு அதன்மேல் ஒன்று. மணிக்கட்டில் நூல் கட்டியதுபோல் சதை வளைந்தது. பெண்கள் அவளைத் தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கசப்புப் பால்காரியின் பிள்ளை, சொட்டுப் பால் இல்லாமல், வெறும் கூழில் இப்படியா என்று கேட்டார்கள். கவியாவின் கூழ் பெயர் எடுத்தது. சந்தைக்கு வந்தவர்கள் சொல்லி, ஓடைக்கு அப்பாலும் பரவியது. கவியா மகிழ்ந்தாள். அவள் பொய் சொல்லவில்லை, தன் கை மருந்து கடைசியில் பலித்ததென்று முழு மனதாக நம்பினாள். நாளாக ஆக, எறும்பு கரையேறிய நல்ல பால்காரிகளும் கூழுக்கு வந்தார்கள். பால் கொடுத்தால் பிள்ளை வளர்கிறது, அவ்வளவுதான். கூழ் கொடுத்தால் தொடை மடிகிறது. பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த கத்திகாவும் அப்படித்தான் வந்தாள். அவள் கபோரியின் பிறந்த ஊர்க்காரி, வயதில் இளையவள். அவள் பாலில் போட்ட எறும்புகள் மூன்றும் ஓடியே கரையேறியிருந்தன. இருந்தும் அவள் புருஷன் கதுராவைத் தூக்கி எடை பார்த்துவிட்டுப் போய், தன் மகனுக்கும் இனிக் கூழ்தான் என்று சொல்லிவிட்டான்.

அவள் பிள்ளை கிழவனானான். முதலில் நெற்றி சுருங்கியது, பிறகு கன்னம், பிறகு பிட்டம். ஒரு நாள் அவன் தாத்தாவின் குரலில் இருமினான். கத்திகா அவனைத் தூக்கிக்கொண்டு கபோரியிடம் வந்தாள். கபோரி களைக்கொத்தைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ எப்படிக் காய்ச்சுற? நானும் அதே வேரு, அதே கம்புதான். உன் மவ தொடையப் பாரு, இவன் தொடையப் பாரு. என் கையிலதான் ஏதோ கொறை."

"உன் பாலையும் கொஞ்சம் குடேன்."

"ஐயோ, கவியாக்கா சேக்கக் கூடாதுன்னாங்களே. பாலும் கூழும் வயித்துக்குள்ள சக்களத்திங்க மாதிரி அடிச்சுக்குமாம்."

"யாருக்கும் தெரியாம குடு."

கத்திகா அவள் முகத்தையே பார்த்தாள். "நீ குடுக்குறியா?"

முற்றத்தின் மறுபக்கம் அலுவா உட்கார்ந்து பல்லில் குச்சி குத்திக்கொண்டிருந்தார். கதுரா கபோரியின் முதுகில் சூடாக, கனமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டால் பிள்ளையை இன்னொருத்தி மடியில் கொடுத்து, உள்ளங்கையைக் குவித்து ஊற்றுவார்கள். கபோரிக்கு அந்தக் கையின் ஓசை நினைவிருந்தது.

"இல்ல," என்றாள்.

"அதானே. நீயே குடுக்காம என்னைக் குடுக்கச் சொல்றியே," என்று சிரித்துவிட்டுக் கத்திகா போனாள். சிரித்ததும் பிள்ளை பயந்து விழித்தான்.

கம்பு முற்றியது. அறுத்தார்கள். அடிவானம் வரை மறைப்பு என்று ஒன்று இல்லாமல் போனது. அறுவடை முடிந்த நிலத்தில் உட்கார்ந்து ஒருத்தி மூக்கைச் சிந்தினாலும் மூன்று ஊருக்குத் தெரியும். அதே வாரத்தில் கத்திகாவின் மகன் இறந்தான். புதைக்க எடுத்தபோது, ஆறு மாதம்கூட ஆகாத அந்தப் பிள்ளைக்கு நரை இருந்ததைப் பார்த்தார்கள். முழு ஆயுளையும் வேகமாக வாழ்ந்து முடித்துவிட்டான் என்று வயதானவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். கவியா உண்மையாகவே அழுதாள். அடுத்த முறை பட்டையைக் கூட்டி, வேரைக் குறைக்க வேண்டும் என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் இன்னும் நான்கைந்து பெண்கள் இடுப்பில் சின்னக் கிழவர்களை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். கபோரி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கதுராவை முன்னால் திருப்பி, எல்லோரும் பார்க்கத் துணியை விலக்கினாள்.

"என் மவ கூழ் குடிக்கல," என்றாள். சின்னக் குரல், ஆனால் அழுகை நின்றிருந்த நேரம், கேட்டது. "பொறந்ததுல இருந்து ஒரு வாய்கூடக் குடிக்கல. இதத்தான் குடிச்சா."

முதலில் பேசியவள் கத்திகா. "அன்னைக்குக் கேட்டேனே அக்கா. வாயத் தொறந்து கேட்டேனே. ஒரு வார்த்தை. தலையாவது ஆட்டியிருக்கலாமே." கத்திகா கபோரியை அடிக்க வருவதுபோல் வந்து, அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அலுவா நிதானமானவர். அவர் கோபப்படவில்லை, நம்பாமலும் இல்லை. பிள்ளை குடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செத்தவங்க சாப்பாட்டச் சாப்பிட்டு இத்தனை நாள் இது நல்லா இருக்குன்னா, இது நம்ம புள்ள இல்ல. அவங்க புள்ள. இது செத்து ரொம்ப நாளாச்சு, நமக்குத்தான் தெரியல," என்றார். மேளக்காரர்கள் அங்கேயே இருந்ததால் தாமதம் இல்லாமல் போனது. அன்றைக்கே கதுராவுக்கும் சாவு எடுத்தார்கள். செத்தவருக்குச் செய்வதுபோல அவளுடைய குடுவையை உடைத்தார்கள், பெயரை இனி யாரும் சொல்வதில்லை என்று மண் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். கதுரா அம்மா மடியில் உட்கார்ந்து தன் சாவு மேளத்துக்குக் கை தட்டினாள்.

அதன் பிறகு யாரும் கபோரியைத் தடுக்கவில்லை. செத்தவர்களுக்குச் செத்தவர்களின் பாலைக் கொடுப்பதில் குற்றம் இல்லை. முற்றத்தின் நடுவில், நல்ல வெயிலில், அலுவாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கொடுத்தாள். ஆனால் பிள்ளையின் பெயரைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. பிள்ளை கூப்பிட்டால் பதில் சொல்லவும் முடியாது. செத்தவர் அழைத்து உயிரோடிருப்பவர் 'என்ன' என்று கேட்டால் கேட்டவருக்கும் சாவு என்பதை நாபியாவில் நடக்கத் தெரிந்த குழந்தையும் அறியும். ஆகவே முன்னோர் மேட்டில் ஊற்றுவதுபோல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல் கொடுத்தாள். கதுராவின் வாயில் முதல் வார்த்தையாக 'அம்மா' வந்தது. கபோரி அப்போது கம்பு குத்திக்கொண்டிருந்தாள், உலக்கையை நிறுத்தாமல் குத்தினாள். வெடாம் அந்தக் கோடையில் தெற்கே போனான், மழைக்கு முன் திரும்பவில்லை, பின்னாலும் திரும்பவில்லை. செத்த பிள்ளைக்கு அப்பனாக எப்படி இருப்பதென்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பல் முளைத்த பிறகு கதுராவுக்குப் படையல் வந்தது. முன்னோருக்கு மெலிந்த கூழை யாரும் படைப்பதில்லை. அவர்களுக்கு வைப்பது கெட்டியான கம்பங்களி, அரைத்த நிலக்கடலை, பெருக்கமரத்து இலைக் குழம்பு, இடித்த கருவாட்டுப்பொடி, அவித்த முட்டை. முட்டை தின்ற பிள்ளை திருடனாகும் என்பதால் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு ஊரில் முட்டை கிடையாது. செத்த பிள்ளை திருடினால் யார் கேட்பது? கதுரா அதையெல்லாம் பிசைந்து தின்றாள். வருடம் திரும்புவதற்குள் சுவர் பிடிக்காமல் நடந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் வயிறு முன்னால் தள்ளி, முடி செம்பட்டையாகி, சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தபடி அவள் நடப்பதைப் பார்த்தன.

கத்திகா அடுத்த பிள்ளையைப் பெற்றபோது கவியாவின் கூழுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மேளக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். தொப்புள்கொடி அறுத்த கத்தி காய்வதற்குள் பிள்ளைக்குச் சாவு எடுத்து, குடுவை உடைத்து, மண் தொட்டு, பிறகு அழுத கண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மார்பில் போட்டாள். அவள் புருஷன் தலையைச் சொறிந்தான், சட்டத்தில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு இன்னொருத்தி செய்தாள், பிறகு ஓடைக்கு அப்பால். கொஞ்ச வருடத்தில் நாபியாவில் பிரசவத்துக்கு மருத்துவச்சியும் மேளக்காரனும் சேர்ந்தே வந்தார்கள். சில பெண்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பெயர் வேண்டும், நிலத்தில் பங்கு வேண்டும், 'அம்மா' என்றால் 'என்னடா' என்று கேட்க வேண்டும் என்று விரும்பினார்கள். உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கூழ்தான் என்பது அதற்குள் முறையாகிவிட்டதால், அவர்கள் கவியாவின் கூழை வாங்கி ஊற்றினார்கள். அவர்களில் பலர் இரண்டு வருடத்துக்குள் மேளக்காரனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தச் சாவுகளில் பிள்ளை கை தட்டவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ், மரக்கிளையில் தொங்கவிடும் தராசோடு வந்தாள். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு அலுவா நான்கு என்றார். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தன. நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசுப் பையில் போட்டாள், முள் பாதிகூடப் போகவில்லை, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தக் கொழுகொழுன்னு இருக்கிறதுங்க?" என்று கேட்டாள். "அதுங்க செத்ததுங்க தாயி," என்றார் அலுவா. நர்ஸ் அந்தப் பக்கத்து மாவட்டத்தில் பிறந்தவள், மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது ஒரு செத்த பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

செத்தவர்கள் வளர்ந்தார்கள். அவர்களுக்குக் குடும்ப நிலத்தில் மண்வெட்டி வைக்க உரிமை இல்லாததால், ஓடையோரக் கல்லுக்காட்டைத் திருத்திச் சோளம் போட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர்களைச் சேர்க்க மறுத்தார். வழியில் எதிர்ப்பட்டால் யாரும் வணக்கம் சொல்வதில்லை, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்குவார்கள். கதுரா ஓங்கி வளர்ந்து, தலையில் இரண்டு பானை தூக்கும் பெண்ணாக ஆனாள். தன்னைப் போலவே சாவு எடுக்கப்பட்ட ஒரு பையனோடு சேர்ந்துகொண்டாள். பரிசமாக மாடு கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. முற்றத்துக்கு எதிரே, முன்னோர் மேடுகளுக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கென்று ஒரு குடிசை இருந்தது. கபோரி படையலை அதன் வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவாள், உள்ளே நுழைந்ததில்லை. கதுரா தினமும் ஒருமுறையாவது "அம்மா" என்பாள். கேட்கிற குரலும் இல்லை, கெஞ்சுகிற குரலும் இல்லை. வாசலில் கோழி நிற்கிறது என்று சொல்வதுபோல் சொல்வாள்.

கதுராவுக்குப் பிள்ளை பிறந்த அன்று பார்க்க யாரும் வரவில்லை, செத்தவர் வீட்டுப் பிரசவத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. பிள்ளை சின்னதாக இருந்தான். காலையிலிருந்து அழுதான். மதியம் அழுகை மெலிந்து, கிரீச்சென்று ஒரு நூலாகிவிட்டது. கபோரி முற்றத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு நரை கண்டு, பால் நின்று பல வருடம் ஆகியிருந்தது. அந்த நூல் அறுந்து அறுந்து கேட்கக் கேட்க, காய்ந்துபோன மார்பு இரண்டும் வலித்தன.

"அம்மா," என்றது எதிர்ப்பக்கத்துக் குரல். "கவ்வ மாட்டேங்குறான். நழுவி நழுவிப் போறான். எப்படிம்மா வைக்கணும்?"

உலக்கை நின்றது. சுவரோரம் பாயில் கிடந்த அலுவா, கிழடாகிக் கண் மங்கியவர், உலக்கை நின்றதைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். "வேணாம் புள்ள," என்றார். அதட்டலாக இல்லை.

"என்னடி கதுரா," என்றாள் கபோரி. "இரு, வர்றேன்."

மேடுகளைத் தாண்டிக் குடிசைக்குள் குனிந்து நுழைந்தாள். பின்னால் யாரோ ஒருவர் ஓடுவதும், கொஞ்ச நேரத்தில் மேளம் சுருதி கூட்டுவதும் கேட்டது. "தலைய அழுத்தாத," என்றாள். "முதுகுல கை வை. அவன்தான் உன்கிட்ட வரணும், நீ அவன்கிட்ட குனியாத. வாயப் பெருசாத் தொறக்கட்டும், அவசரப்படாத. இப்ப. கீழ் உதடு வெளிய மடங்கியிருக்கா பாரு. ம்." வெளியே கபோரியின் குடுவையை உடைத்தார்கள். பிள்ளை கவ்வினான். ஒரு மூச்சுக் குடித்துவிட்டு, நிறுத்திவிட்டு, மறுபடி குடித்தான். மஞ்சளாக ஒரு சொட்டு அவன் கடைவாயில் வழிந்தது. அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள், நிறைய இருந்தது பேச.

மேளம் ஓய்ந்த பிறகு கபோரிக்கு முதல் படையலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். களி கெட்டியாக இருந்தது. கடலை அரைத்துப் போட்டு, மேலே ஒரு முட்டையும் வைத்திருந்தார்கள். அவள் உயிரோடு இருந்த காலத்தில் அந்த வீட்டில் யாரும் அவளுக்கு அப்படிக் கிண்டிக் கொடுத்ததில்லை. பாதியைப் பிள்ளை பெற்றவளுக்கு வைத்துவிட்டு மீதியைத் தின்றாள்.